சல்வீனியா அடங்கியது, வெங்காயத்தாமரை அடங்கவில்லை: ஏன்?

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நாட்களில் தமிழ்நாட்டு நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வரும். அடையாற்றிலோ கூவத்திலோ மிதக்கும் எந்திரம் ஒன்று பச்சைச் செடிகளை வாரி வாரிக் கரையில் கொட்டிக்கொண்டிருக்கும். கோவைக் குளங்களிலும், நெல்லையில் தாமிரபரணியிலும், டெல்டாவின் பாசன வாய்க்கால்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. நாளிதழ்கள் ஆகாயத்தாமரை என்று எழுதுவதும், பல ஊர்களில் வெங்காயத்தாமரை எனப்படுவதும், தாமிரபரணிக் கரையில் அமலைச்செடி எனப்படுவதும் ஒரே செடிதான். செலவு செய்து அகற்றுகிறோம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே அளவில் மறுபடியும் வந்து நிற்கிறது.

இதைவிட வேகமாகப் பெருகக்கூடிய இன்னொரு நீர்க்களையை இதே தென்னிந்தியாவில் சின்னஞ்சிறு வண்டு ஒன்றைக் கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அடக்கியிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் களையின் பெயர் சல்வீனியா. இரண்டு செடிகளுக்கும் தாயகம் தென் அமெரிக்கா. இரண்டையும் கடல் கடத்திக் கொண்டுவந்தவர்கள் மனிதர்களே. இரண்டுக்கும் எதிராகக் கூன்வண்டுகள் விடப்பட்டன. சல்வீனியாவில் கிடைத்த வெற்றி வெங்காயத்தாமரையில் அரைகுறையாக நின்றுவிட்டது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இன்னும் பெரிய எந்திரம் வாங்கிக்கொண்டே போவதில் பயனில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் சல்வீனியா. இது மிதக்கும் பெரணி வகை. பூக்காது, காய்க்காது. இலையின் மேற்பரப்பைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் ரோமங்கள் வரிசையாக நிற்பது தெரியும். ஒவ்வொன்றிலும் நான்கு கிளைகள் மேலே விரிந்து, நுனியில் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து ஒரு சிறு கூண்டு போல இருக்கும். அந்தக் கூண்டுகளுக்குள் காற்று தங்கிவிடுவதால் இலையில் தண்ணீர் ஒட்டுவதில்லை. அழுத்தி நீருக்குள் தள்ளினாலும் நனையாமல் மேலே வந்துவிடும். வெப்பமும் சத்தும் ஏற்றபடி அமைந்தால் இரண்டு மூன்று நாட்களில் இரட்டிப்பாகிவிடும். இடம் போதாதபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு மீட்டர் தடிமன் வரை மெத்தையாகப் படியும்.

இலங்கைக்கு இது 1939இல் கொழும்பில் தாவரவியல் ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் பரவியது. கேரளத்தில் 1950களின் நடுவில் திருவனந்தபுரத்தின் வேளி ஏரியில் தென்பட்டு, அடுத்த பத்தாண்டுக்குள் நெல் விவசாயத்தையும் படகுப் போக்குவரத்தையும் முடக்கும் தொல்லையாகிவிட்டது. குட்டநாட்டில் வயலுக்குப் போகும் வழியே தண்ணீர்தான். அங்கே வாய்க்கால் அடைத்துக்கொண்டால் விதையும் போகாது, விளைந்ததும் வராது. ஆப்பிரிக்காவில் ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே கரிபா அணை கட்டி நீர் தேக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1962 வாக்கில், சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு இதன் பிடியில் இருந்தது.

இதை அடக்க முதலில் எடுத்த முயற்சிகள் தோற்றதற்கு ஒரு காரணம், செடியை அடையாளம் காண்பதில் ஏற்பட்ட பிழை. உலகெங்கும் பரவியிருந்தது சல்வீனியா ஆரிகுலேட்டா என்ற இனம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. எனவே அந்த இனம் இயற்கையாக வளரும் டிரினிடாட் போன்ற இடங்களில் தேடி, அதைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்து அனுப்பினார்கள். ஒரு வெட்டுக்கிளி இனம் 1970களில் கேரளம் வரை வந்தது. களை அசையவில்லை. பரவியிருப்பது தனி இனம் என்று 1972இல்தான் தெளிவாகி, சல்வீனியா மொலஸ்டா என்ற பெயர் பெற்றது. அதன் உண்மையான தாயகம் தென்கிழக்கு பிரேசில் என்பதை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் 1978இல் கண்டுபிடித்தார்கள். அங்கே அந்தச் செடியைத் தின்றுகொண்டிருந்த, சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள கறுப்புக் கூன்வண்டுதான் சிர்டோபேகஸ் சல்வீனியே. வளர்ந்த வண்டு துளிர்மொட்டைத் தின்னும். புழு தண்டைக் குடைந்துகொண்டு போகும். துளிரும் தண்டும் ஒருசேரப் போவதால் செடிக்கு மீளும் வழி அடைபடுகிறது.

ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் 1980இல் இந்த வண்டை விட்டார்கள். ஓராண்டு கடந்தபோது ஆயிரக்கணக்கான டன் களை பழுப்பேறி மூழ்கி, ஏரி தெளிந்துவிட்டது. அடுத்து பப்புவா நியூ கினியின் செபிக் ஆறு. அங்கே சுமார் 250 சதுர கிலோமீட்டர் நீரைக் களை மூடியிருந்தது. மீன் பிடிக்கவும் சந்தைக்குப் போகவும் படகையே நம்பியிருந்த கிராமங்கள் துண்டிக்கப்பட்டிருந்தன. வண்டை விட்டபோது அது முதலில் நிலைகொள்ளவே இல்லை. அந்த நீரில் சத்து குறைவாக இருந்ததால் செடியின் உடலில் தழைச்சத்து போதவில்லை, அதைத் தின்ற வண்டு பெருகவில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். உடனே சிறு திட்டுகளில் யூரியா தூவிக் களையை வேண்டுமென்றே கொழுக்க வைத்தார்கள். வண்டு பெருகியது. வண்டு கடித்த செடிகளில் புதிதாக வரும் துளிரில் தழைச்சத்து கூடுவதால், ஒருமுறை பிடித்துக்கொண்ட பிறகு யூரியாவே தேவைப்படவில்லை. 1985க்குள் 250 சதுர கிலோமீட்டர் களை இரண்டு சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. களையை ஒழிக்கக் களைக்கே உரம் போட்ட அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பூச்சியின் பசியை அளந்து பார்க்கும் பொறுமை இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த ஆய்வுக் குழுவுக்கு 1985இல் யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு கிடைத்தது.

அதே வண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்கு 1982இல் வந்தது. முதலில் ஓர் அல்லிக் குளத்தில் விட்டார்கள். பதினொரு மாதங்களில் சல்வீனியா மூழ்கிப்போய், அதன் அடியில் நசுங்கிக் கிடந்த அல்லி மறுபடி தலைதூக்கியது. அங்கிருந்து கேரளத்துக்குக் கொண்டுபோய், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாய்க்கால் வாய்க்காலாகப் பரப்பினார்கள். மூன்று ஆண்டுகளுக்குள், கைவிடப்பட்டிருந்த வாய்க்கால்களில் படகு ஓடத் தொடங்கியது. இலங்கையில் 1986 முதல் விடப்பட்டது; அந்தத் திட்டத்தின் வரவு செலவைக் கணக்கிட்டவர்கள், செலவிட்ட ஒரு ரூபாய்க்கு 53 ரூபாய் பயன் என்று மதிப்பிட்டார்கள். சல்வீனியா இந்த ஊர்களிலிருந்து அடியோடு போய்விடவில்லை. தேங்கிய மூலைகளில் இன்றும் இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் வண்டும் இருக்கிறது என்பதால் முன்போல் மெத்தையாக ஏற முடிவதில்லை.

சல்வீனியா மொலஸ்டாவுக்கு வாரிசு என்று தனியாக ஒன்றும் கிடையாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அது மலட்டுச் செடி. ஒடிந்த துண்டு துளிர்த்துத்தான் பரவுகிறது. கேரளத்தில் இருப்பதும் இலங்கையில் இருப்பதும் செபிக்கில் இருந்ததும் ஏறத்தாழ ஒரே செடியின் நகல்கள். ஓரிடத்தில் அதை வீழ்த்தும் வண்டு எல்லா இடத்திலும் வீழ்த்தும். சேற்றில் விதை ஒளிந்திருக்காததால், மேலே இருப்பதை அழித்தால் அது அழிந்ததுதான்.

வெங்காயத்தாமரை அப்படிப்பட்டதல்ல. அமேசான் படுகையில் பிறந்த இந்தச் செடியின் ஊதா நிறப் பூவில், மேலிதழின் நடுவே மயில் கண்ணை ஒத்த மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். அந்த அழகுதான் அதை உலகம் சுற்ற வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்து, சில பத்தாண்டுகளில் நெல் வயல்களையும் படகு வழிகளையும் மூடியது. இலங்கையில் 1909லேயே இதற்கெனத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. வங்காளத்தில் 1936இல் சட்டம் வந்தது. 1937 தேர்தலில் பெரிய கட்சிகளின் வாக்குறுதிகளில் வெங்காயத்தாமரை ஒழிப்பும் இடம்பெற்றது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமும் கட்டளையும் இதன்மீது பாய்ந்துகொண்டிருக்கின்றன. பல்லுயிர் வளம் பற்றி அரசுகளுக்கு அறிவியல் மதிப்பீடு தரும் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பு 2023இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மிகப் பரவலாக இருக்கும் அயல் ஊடுருவி இனமாக இந்தச் செடியையே குறிப்பிட்டது.

இதற்குப் பெருக இரண்டு வழிகள் உண்டு. தாய்ச்செடியின் பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனியில் சேய்ச்செடி முளைக்கும். சாதகமான நீரில் ஓரிரு வாரங்களில் கூட்டம் இரட்டிப்பாகும். இது எல்லோர் கண்ணிலும் படுவது. மற்றொன்று கண்ணில் படாது. பூ வாடியதும் பூங்காம்பு வளைந்து நீருக்குள் தலையை அமிழ்த்திக்கொள்ளும். அங்கே காய் முற்றி, விதைகள் சேற்றில் விழும். அவை பதினைந்து இருபது ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும். முளைப்பதற்கு வெளிச்சமும் ஆழமற்ற நீரும் வேண்டும். ஈரச் சேறு வெயிலில் தெரிந்தால் இன்னும் நல்லது. நம் ஏரிகளையும் கண்மாய்களையும் நினைத்துப் பாருங்கள். கோடையில் வற்றிச் சேறு தெரிகிறது, மழையில் நிறைகிறது. ஆண்டுதோறும் இந்த விதைகளுக்கு நாற்றங்கால் தயாராகிவிடுகிறது. மேலே மிதப்பதை முழுதாக அள்ளிவிட்டாலும் அடியில் கிடக்கும் கையிருப்பு தொடப்படுவதில்லை.

வண்டு ஏன் பாதி வெற்றியோடு நின்றது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. நியோகெட்டினா என்ற இனத்தொகுதியைச் சேர்ந்த இரண்டு கூன்வண்டுகள் 1980களின் தொடக்கத்தில் பெங்களூருக்கு வந்தன. குளக்கரையில் நின்று வெங்காயத்தாமரை இலை ஒன்றைப் பறித்துப் பாருங்கள். தோல் சுரண்டப்பட்ட, வெளிறிய சிறு செவ்வகத் தழும்புகள் இருந்தால் அது இந்த வண்டின் வேலை. முட்டையிலிருந்து வரும் புழு பஞ்சு போன்ற இலைக்காம்பைக் குடைந்து அடித்தண்டு வரை போகும். பிறகு நீருக்கு அடியில் வேரோடு வேராகக் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். தண்ணீர் ஆண்டு முழுவதும் நிற்கும் ஏரியில் வண்டுக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது. பெங்களூரின் சில ஏரிகளிலும் மணிப்பூரின் லோக்தக் ஏரியிலும் அது நன்றாகவே வேலை செய்தது. வற்றும் குளத்தில் செடியோடு வேரும் காய்ந்து, வேரில் இருக்கும் கூட்டுப்புழுவும் சாகிறது. வெள்ளம் வந்தால் செடியோடு வண்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். எந்திரம் செடியை வாரினால் அதிலுள்ள வண்டும் கரையில் காய்ந்து சாகும். மழை வந்ததும் விதை முளைக்கிறது, ஆனால் அதைத் தின்ன வண்டு இல்லை.

இதைவிடப் பெரிய தடை கழிவுநீர். சத்து மிகுந்த தண்ணீரில் வண்டும் கொழுக்கும்தான்; செடி அதைவிட வேகமாகத் துளிர்க்கும். கடித்த இலைக்கு ஈடாகப் புது இலை வந்துகொண்டே இருக்கும். செபிக் ஆற்றில் சத்துக் குறைவு வண்டைத் தடுத்தது. நம் நகர்ப்புற ஏரிகளில் சத்து மிகுதி செடியைக் காப்பாற்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்போர்ட் அணையில் இது தெளிவாகத் தெரிந்தது. ஜோகன்னஸ்பர்க் பகுதியின் கழிவுநீர் ஆற்றோடு வந்து சேரும் நீர்த்தேக்கம் அது. அங்கே மெகாமெலஸ் என்ற தத்துப்பூச்சியைப் பண்ணைகளில் பெருமளவில் வளர்த்து, மறுபடி மறுபடி விட்டு, வெங்காயத்தாமரையை வெகுவாகக் குறைத்தார்கள். நீர்ப்பரப்பு வெளியானதும் சல்வீனியாவின் இன்னோர் இனம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சத்து அப்படியே இருந்தது, தின்ன ஆள் மட்டும் மாறியது.

விக்டோரியா ஏரியின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1990களின் இறுதியில் உச்சத்தில் இருந்த களை, வண்டு விட்ட சில ஆண்டுகளில் சரிந்தது. அதில் எல் நினோ காலத்து வானிலைக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. செடி சரிந்ததும் உணவின்றி வண்டும் குறைந்தது. காகெரா ஆறு மேலிருந்து புதுச் செடிகளைக் கொண்டுவந்தபடி இருந்தது. கரையோர நகரங்களின் கழிவும் நின்றபாடில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் களை மீண்டும் வளைகுடாக்களை அடைத்தது.

எந்திரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளம் வரப்போகிறது, மதகில் செடி அடைத்து நிற்கிறது என்றால் அள்ளித்தான் ஆக வேண்டும். ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். இந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அள்ளும் எடையில் பெரும்பகுதி நீரே என்பதால் தொலைவுக்கு எடுத்துப்போக வண்டி வாடகை கட்டுப்படியாகாது. அதனால் கரையிலேயே கொட்டிவிடுகிறார்கள். முதல் மழையில் பாதி மறுபடி உள்ளே வழுக்கி விழுகிறது. மீதி அங்கேயே அழுகி, உறிஞ்சிய சத்தை ஏரிக்கே திருப்பிக் கொடுக்கிறது. கரை மீது கொட்டிய குவியலைக் கணக்கில் எடுக்காத எந்த ஒப்பந்தமும் பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

களைக்கொல்லி தெளித்தால் செடி சாகும் என்பது உண்மையே. செத்த செடி மொத்தமாக மூழ்கி அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகும். குடிநீருக்கும் பாசனத்துக்கும் போகும் தண்ணீரில் அதை நினைத்துப் பார்க்கவே கூடாது. கூடை பின்னலாம், காகிதம் செய்யலாம், எரிவாயு எடுக்கலாம் என்ற யோசனைகள் ஆண்டுதோறும் வருகின்றன. தொட்டியில் மக்க வைத்தால் நல்ல எருதான். தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரில் வளர்ந்தது என்றால் உலோகங்களும் சேர்ந்து வரும் என்பதால் அதுவும் ஆகாது. பெண்கள் குழுக்களுக்கு வருமானம் தரும் கைவினைத் தொழிலை நான் வரவேற்கிறேன். அதைக் களை ஒழிப்பு என்று கணக்குக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பின்னலுக்கு நீண்ட காம்புகளைத் தேர்ந்தெடுத்து அறுப்பார்கள். மீதிச் செடி குளத்திலேயே நிற்கும். செடியை நம்பி ஒரு தொழில் வளர்ந்துவிட்டால், பிறகு செடியை ஒழிக்க யார் முன்வருவார்கள்?

மீன்பிடிப்பும் பாசனமும் மட்டுமே இதில் பாதிக்கப்படுவதாக நினைக்கக்கூடாது. மன்சோனியா என்ற கொசுவின் புழு மூச்சு விட நீர்மட்டத்துக்கு வராது. மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றை எடுத்துக்கொள்ளும். யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசுதான். கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் 1980களில் புதுச்சேரியின் நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அந்த நோயை எதிர்த்து இறங்கியபோது, அதன் வேலைகளில் முக்கியமானது குளங்களிலிருந்து மிதவைச் செடிகளை மக்களைக் கொண்டே அகற்றுவதாக இருந்தது.

மிதப்பவை மட்டும் பகையும் அல்ல. ஏரிக்கரைகளில் ஊதாப் பூவோடு புதராக நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அயல்செடிதான். வெட்டிப் போட்ட தண்டு ஈரம் கண்டால் வேர்விடும், ஆடு தின்றால் அதன் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் 2020இல் ஒரு நீரோடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, படங்கள் நாடெங்கும் சுற்றின. அது கபோம்பா, மீன்தொட்டிச் செடியாக வந்து தப்பியது. பார்க்க வந்த கூட்டத்தில் பலர் கை நிறையப் பறித்து எடுத்துப்போனார்கள். ஒரு துண்டுத் தண்டு போதும் அதற்கு, இன்னொரு குளத்தைப் பிடிக்க.

நம்முடையதும் பிறருக்குத் தொல்லை ஆகியிருக்கிறது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் வரும் வேலம்பாசி, 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வணிகத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளை அடைக்கும் முதன்மைக் களையாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இன்னொன்று நடந்தது. குடியேறிய இலங்கையர் தங்கள் தோட்டங்களில் பொன்னாங்கண்ணி என்று நம்பிக் கீரையாக வளர்த்தது, அலிகேட்டர் களை எனப்படும் தென் அமெரிக்க ஊடுருவி என்று 1990களில் தெரியவந்தது. இரண்டும் நெருங்கிய உறவுச் செடிகள். பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூங்கொத்து இலைக்கணுவில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். மற்றதில் நீண்ட காம்பின் நுனியில் நிற்கும். கீரை வாங்கும்போது கூடப் பார்த்துவிடக்கூடிய அளவு எளிய அடையாளம் இது. அதிகாரிகள் அந்தத் தோட்டங்களுக்கு மாற்றாக, பொன்னாங்கண்ணிக்கு உறவான ஆஸ்திரேலிய உள்ளூர்க் கீரை ஒன்றைப் பரிந்துரைத்து, அலிகேட்டர் களையை அகற்ற வைத்தார்கள்.

செடிகள் இன்று பயணம் செய்வது பெரும்பாலும் மீன்தொட்டிக் கடைகள் வழியாகவும் இணைய விற்பனை வழியாகவும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் வெங்காயத்தாமரையையும் கபோம்பாவின் ஓர் இனத்தையும் விற்கவே கூடாத பட்டியலில் சேர்த்தது. இங்கே பூந்தொட்டிக்கு என்று வெங்காயத்தாமரையைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அயல்செடி என்றால் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும்தான் பேசப்படுகின்றன. நீர்க்களைகளுக்கும் விற்பனைத் தடை வேண்டும்.

அதோடு, அள்ளும் காலத்தை மாற்ற வேண்டும். இப்போது பெரும்பாலும் மழைக்குச் சற்று முன்னால், செடி பலமுறை பூத்து விதையைச் சேற்றில் போட்டுவிட்ட பிறகு அள்ளுகிறோம். கோடையில் நீர் சுருங்கும்போது செடியும் ஒரு மூலையில் நெருங்கிக் கிடக்கும். அப்போது அள்ளினால் பரப்பும் குறைவு, கூலியும் குறைவு. வெள்ளம் எட்டாத மேட்டுக்கு எடுத்துப்போய்க் காயப்போடவும் வெயில் இருக்கும். மழைக்குப் பிறகு முளைக்கும் நாற்றுகளைப் பூக்கும் முன்பே, ஆறேழு வாரங்களுக்குள், பரிசலில் போய்க் கையால் பொறுக்கிவிட வேண்டும். சேற்றிலுள்ள விதைக் கையிருப்பு தீரும்வரை ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு வற்றாத குளங்களைக் கூன்வண்டுப் பண்ணையாக வைத்திருந்து, கோடையில் வண்டு செத்துப்போகும் ஏரிகளுக்கு மழை தொடங்கியதும் அங்கிருந்து கொண்டுபோய் விடலாம்; பெங்களூரின் வேளாண் பூச்சி வள மையமும் ஜபல்பூரின் களை ஆராய்ச்சி இயக்குநரகமும் இந்த வண்டுகளோடு வேலை செய்த அனுபவம் உள்ளவை. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஏரிக்குள் வந்து விழும் சாக்கடைக் குழாய்களை எண்ணி அடைக்க வேண்டும்.